டிஃபைன் எழுதப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக்கோ

அமீர்பேட்டில் டெவ்ஆப்ஸ் கோர்ஸ் முடித்து, மாதாபூரிலோ கச்சிபௌலியிலோ வேலை கிடைத்து, தமிழ்நாட்டிலிருந்து பெட்டி கட்டி ஹைதராபாத் வந்திருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தம்பிகளும் படிக்கலாம். கோர்ஸில் பெரும்பாலும் குபெர்னெட்டிஸ், டெர்ராஃபார்ம், ஆன்சிபிள் என்றுதான் வகுப்பு ஓடும். வேலையில் போய் உட்கார்ந்தால், பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வர்களும் அவற்றை ஒழுங்காக வைத்திருக்கும் பப்பெட் கோடும் எதிரில் நிற்கலாம். வங்கி, இன்ஷூரன்ஸ், மருந்து என்று பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்யும் ஆபீஸ்களில் இது சகஜம். சேர்ந்த கொஞ்ச நாளில் டீம் லீட் ஒரு டிக்கெட் தருவார்: “நாலு இடத்துல ஒரே கோடு காப்பி ஆகியிருக்கு, ஒரு டிஃபைனா மாத்திடும்மா.” அந்த டிக்கெட்டை எப்படி முடிப்பது என்று சொல்கிறேன்.

பப்பெட் பற்றிச் சுருக்கமாக. லூக் கனீஸ் 2005-இல் தொடங்கிய கருவி இது. அதற்கும் முன்னால், 1993-இல், ஆஸ்லோவில் மார்க் பர்கஸ் எழுதிய சிஎஃப்என்ஜின் இந்த வழியைத் திறந்துவைத்தது. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று நீ எழுதிவைக்கிறாய். ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் ஏஜென்ட், வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து, மாறியிருப்பதைச் சரிசெய்கிறது. 2022-இல் பப்பெட் நிறுவனத்தை பெர்ஃபோர்ஸ் வாங்கியது. அதன்பின் பேக்கேஜ் வெளியிடும் முறையை அவர்கள் மாற்றியதால், வாக்ஸ் புப்புலி என்ற தன்னார்வலர் குழு 2025 தொடக்கத்தில் ஓப்பன்வாக்ஸ் என்ற பெயரில் இலவசக் கிளையைத் தொடங்கியது. உன் ஆபீஸில் இரண்டில் எது ஓடினாலும் நான் சொல்லப்போகிற விஷயம் ஒன்றேதான். வீட்டில் லேப்டாப்பில் பழக ஓப்பன்வாக்ஸையே போட்டுக்கொள்.

கிளாஸா, டிஃபைனா?

இன்டர்வியூவிலும் கேட்பார்கள், வேலையிலும் தினம் வரும் கேள்வி இது. ஒரு சர்வரில் ஒருமுறைதான் இருக்க முடியும் என்றால் அது கிளாஸ். என்ஜின்எக்ஸ் பேக்கேஜ் ஒரு சர்வரில் ஒன்றுதான். அதனால் அது கிளாஸ். அதே என்ஜின்எக்ஸுக்குள் ஏழு வெப்சைட் ஓடலாம். வெப்சைட் என்பது டிஃபைன். தையற்கடையில் ஒரு வெட்டு அட்டையை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கை நீளமும் கழுத்தும் மாற்றித் தைப்பார்களே, டிஃபைன் செய்வதும் அதைத்தான். வடிவம் ஒரு இடத்தில் இருக்கும், அளவு மட்டும் வெளியிலிருந்து வரும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனைக் கம்பெனி வைத்துக்கொள்வோம். ஹைதராபாத் முழுக்கக் கிளைகள் உள்ள மருந்துக்கடை. அமீர்பேட், கூகட்பல்லி, தில்சுக்நகர், செகந்திராபாத் என்று ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சின்ன ஆர்டர் வெப்சைட். எல்லாம் ஒரே சர்வரில். ஒரு கிளைக்கு என்ன வேண்டும்? என்ஜின்எக்ஸில் ஒரு கான்ஃபிக் ஃபைல், பக்கங்களை வைக்க ஒரு ஃபோல்டர், லாகைச் சுழற்ற ஒரு லாக்ரொட்டேட் ஃபைல், ராத்திரி பேக்அப் எடுக்க ஒரு கிரான் வேலை. இந்த நான்கும் சேர்ந்துதான் ‘கிளை’. உன் டீமில் ஆள் பேசும்போது “கூகட்பல்லி கிளையை ஏத்திட்டியா?” என்றுதான் கேட்பார்கள், நான்கு ஃபைலின் பெயரையும் அடுக்கமாட்டார்கள். மனிதர்கள் வாயில் எது ஒரே பொருளாக வருகிறதோ, அதையே டிஃபைனாக எழுது. பெயரும் அதையே வை.

இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தவுடன் டிஃபைன் எழுத ஓடாதே. இரண்டு இடம் தற்செயலாகவே ஒத்துப்போகும். மூன்றாவது வரும்போதுதான் எது மாறாதது, எது மாறும் என்று கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு எழுதிய டிஃபைனில் பிறகு ‘இந்தக் கிளைக்கு மட்டும் இப்படி’ என்று இஃப் மேல் இஃப் சேர்ந்துகொண்டே போகும். அதைவிட இரண்டு காப்பி இருந்துவிட்டுப் போகட்டும்.

டைட்டிலை யோசித்து வை

டிஃபைனைக் கூப்பிடும்போது கொடுக்கும் முதல் பெயர்தான் டைட்டில். டிஃபைனுக்குள் டாலர் குறி போட்டு டைட்டில் என்றோ நேம் என்றோ எழுதினால் அது கிடைக்கும். இதில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படி.

ஒரு சர்வருக்காக பப்பெட் தொகுக்கும் ரிசோர்ஸ் பட்டியலான கேட்டலாகில், ஒரே வகை ரிசோர்ஸுக்குள் ஒரு டைட்டில் ஒருமுறைதான் வரலாம். டிஃபைனுக்கு மட்டுமில்லை, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் இதே சட்டம். டிஃபைனுக்குள் கிரான் வேலைக்கு ‘பேக்அப்’ என்று மட்டும் பெயர் வைத்தாயென்றால், அமீர்பேட் கிளை சரியாகப் போகும். கூகட்பல்லியைச் சேர்த்த நிமிடம் ‘டூப்ளிகேட் டிக்ளரேஷன்’ என்று சிவப்பு எழுத்து வரும். ஒரே ஒரு கிளையை வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. அதனால் உள்ளே இருக்கும் எல்லாப் பெயரிலும், எல்லா ஃபைல் பாதையிலும் டைட்டில் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார். சோதனைக்கு எப்போதும் இரண்டு கிளையை வை.

அடுத்து, டைட்டிலாக எதைத் தேர்ந்தெடுப்பது? ஊர்ப் பெயரை அப்படியே வைத்தால், ஆங்கிலத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் எழுதுவார்கள். கூகட்பல்லியை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பஸ் போர்டுகளைப் பார்த்தாலே தெரியும். பப்பெட்டுக்கு ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு கிளை. ஒரே கடைக்கு இரண்டு வெப்சைட் எழும்பும். சரி, பின்கோடு வைக்கலாமா? ஹைதராபாத் பின்கோடு பெரும்பாலும் 500 என்று தொடங்கும் ஆறு இலக்கம், ஒழுங்காக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒரே பின்கோடில் இரண்டு கடை திறந்தால் அங்கேயே நின்றுவிடும். கம்பெனி கணக்குப் பிரிவு ஏற்கெனவே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கோடு கொடுத்திருக்கும். மாறாதது, திரும்ப வராதது, வேறு யாரோ பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது. அதையே எடுத்துக்கொள். அழகான பெயர் வேண்டுமானால் தனி பாராமீட்டராகக் கொடுக்கலாம்.

டைட்டிலுக்கு பாராமீட்டர் பட்டியலில் டேட்டா டைப் எழுத முடியாது. அதைச் சரிபார்க்க டிஃபைனின் முதல் வரியிலேயே அசர்ட் டைப் என்ற ஃபங்ஷனைப் போடு. சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும்தான் வரலாம் என்று ஒரு பேட்டர்ன் கொடுத்துவிட்டால், யாராவது இடைவெளியோ சாய்கோடோ கலந்த பெயரை எழுதும்போது அங்கேயே தடுத்துவிடும். அந்தப் பெயர் ஃபைல் பாதையாகப் போகிறது என்பதை மறக்காதே.

பாராமீட்டர் குறைவாக, கண்டிப்பாக

டிஃபைனின் உடலை எழுதும் முன்பே, அதைக் கூப்பிடப்போகும் மூன்று வரியை ஒரு பேப்பரில் எழுதிப் பார். படிப்பவருக்கு அந்த மூன்று வரியில் விஷயம் புரிந்துவிட்டால் நீ பாதி வேலையை முடித்துவிட்டாய். கிளைக்குக் கிளை மாறுவது எது? டொமைன் பெயர், போர்ட், பேக்அப் எங்கே போக வேண்டும். அவ்வளவுதான். ஃபைலின் உரிமையாளர், அனுமதி எண், லாகை எத்தனை நாள் வைப்பது என்பதெல்லாம் டீம் ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்வது. அவற்றை வெளியே திறந்துவிடாதே. டிஃபைன் எழுதுவதன் பலனே அந்த முடிவு ஒரே இடத்தில் உட்காருவதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பாராமீட்டராகத் திறந்துவிட்டால், பழைய காப்பி கோடே வேறு உருவத்தில் திரும்பி வந்த மாதிரிதான்.

அப்பாச்சிக்கான பொது மாட்யூலில் வீஹோஸ்ட் என்று ஒரு டிஃபைன் இருக்கிறது. அதன் பாராமீட்டர் நூற்றுக்கு மேல். உலகம் முழுக்க இருப்பவர்களின் தேவையை அது தாங்க வேண்டும். அதனால் அது நியாயம். உன் டிஃபைனுக்கு உன் கம்பெனிதான் உலகம். பொது மாட்யூலை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே நான்கு பாராமீட்டர் மட்டும் காட்டும் டிஃபைனை நீ எழுது. இதுதான் நான் பார்த்ததில் அதிகம் உதவும் வழி.

ஒவ்வொரு பாராமீட்டருக்கும் டேட்டா டைப் எழுது. இது பப்பெட் 4-இலிருந்து மொழியிலேயே இருக்கிறது. வெறும் ஸ்ட்ரிங் என்று விட்டால் காலிச் சரமும் உள்ளே நுழையும். குறைந்தது ஒரு எழுத்தாவது வேண்டும் என்று சதுர அடைப்பில் 1 போட்டுவிடு. ஒரே டைப் பல இடத்தில் வந்தால் அதற்கும் ஒரு பெயர் வைக்கலாம். டைப் ஏலியஸ் என்பார்கள். மாட்யூலில் டைப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஒரு ஏலியஸுக்கு ஒரு ஃபைல். புதிதாக எழுதும் முன் ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூலைப் பார். போர்ட், முழுப் பாதை, இணைய முகவரி எல்லாவற்றுக்கும் அதிலேயே ஏலியஸ் தயாராக இருக்கிறது. அதன் போர்ட் டைப் 0 முதல் 65535 வரை ஏற்கும். 1024-க்குக் கீழே வேண்டாம் என்றால் அதற்கும் தனி டைப் உண்டு.

நீயே எழுத வேண்டிய ஏலியஸ் உன் கம்பெனியின் விதியைச் சுமப்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் மருந்துக்கடை அந்த விதிக்குள் நேராக வருகிறதோ இல்லையோ, பேக்அப் நாட்டைத் தாண்டக் கூடாது என்று கம்பெனி சட்டப் பிரிவு சொல்லியிருக்கிறது என்று வைத்துக்கொள். அமேசான் கிளவுடுக்கு இந்தியாவில் இரண்டு ரீஜன்: 2016-இல் வந்த மும்பை, 2022 நவம்பரில் வந்த நம் ஹைதராபாத். இந்த இரண்டின் குறியீட்டை மட்டும் அனுமதிக்கும் ஒரு என்யூம் எழுதி, ‘பேக்அப் ரீஜன்’ என்று பெயர் வை. இனி யாராவது அவசரத்தில் எங்கிருந்தோ காப்பி செய்து சிங்கப்பூரை ஒட்டினால் கேட்டலாக் கம்பைல் ஆகாது. சர்வர் பழைய நிலையிலேயே நிற்கும், தவறான இடத்துக்கு ஒரு பைட்டும் போகாது. விக்கியில் எழுதிவைத்த விதியை யாரும் படிக்காமல் போகலாம். டைப்பில் எழுதிய விதியைத் தாண்டிப் போக வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டைப்பை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பாஸ்வேர்ட் வாங்கும் பாராமீட்டருக்கு சென்சிடிவ் டைப் போடு. லாகிலும் ரிப்போர்ட்டிலும் அது மறைந்துவிடும். ஆனால் கேட்டலாகுக்குள் அது பூட்டப்படுவதில்லை. ரகசியத்தை ஈ-யாமல் (eyaml) போன்ற முறையில் தனியே பூட்டி வைப்பது வேறு வேலை, அதையும் செய்.

இன்னொன்று, முதல் நாளிலேயே என்ஷ்யூர் என்ற பாராமீட்டரைச் சேர்த்துவிடு. வழக்கமான மதிப்பு ‘பிரசென்ட்’. கோடிலிருந்து ஒரு கிளையை நீக்கிவிட்டால் சர்வரிலிருந்தும் அது போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. பப்பெட் அந்தக் கிளையை மறந்துவிடும், அவ்வளவுதான். கான்ஃபிக் ஃபைல் அங்கேயே இருக்கும், வெப்சைட் ஓடிக்கொண்டே இருக்கும், கிரான் ராத்திரி ராத்திரி பேக்அப் எடுக்கும். கடையை மூடும்போது முதலில் ‘ஆப்சென்ட்’ என்று மாற்றி, எல்லா சர்வரிலும் சுத்தமான பிறகு அந்த வரியை எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் நான்கு ரிசோர்ஸுக்கும் அந்த மதிப்பு போய்ச் சேருகிறதா என்று பார். ஃபோல்டரை நீக்க ஃபோர்ஸ் வேண்டும் என்பதையும் நினைவில் வை.

உள்ளே எழுதும்போது

என்ஜின்எக்ஸ் பேக்கேஜை டிஃபைனுக்குள் அறிவிக்காதே. இரண்டாவது கிளை வந்தவுடன் அதே டூப்ளிகேட் கதைதான். பேக்கேஜும் சர்வீஸும் கிளாஸில் இருக்கட்டும். டிஃபைனின் தொடக்கத்தில் அந்த கிளாஸை இன்க்ளூட் செய். இன்க்ளூட்டை எத்தனை முறை எழுதினாலும் பாதகமில்லை. கான்ஃபிக் ஃபைல் மாறினால் சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆக, ஃபைலிலிருந்து சர்வீஸுக்கு நோட்டிஃபை கொடு.

மாட்யூலின் மேனிஃபெஸ்ட்ஸ் ஃபோல்டரில் ஒரு ஃபைலுக்கு ஒரு டிஃபைன். ஃபைல் பெயரும் டிஃபைன் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் ‘அன்னோன் ரிசோர்ஸ் டைப்’ என்று வரும், நீ கோடில் பிழையைத் தேடிக்கொண்டிருப்பாய். வேறொரு ரிசோர்ஸ் இந்தக் கிளைக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று குறிப்பிடும்போது, டிஃபைன் பெயரின் ஒவ்வொரு துண்டிலும் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். மாட்யூல் பெயரில் மட்டும் பெரிய எழுத்து போட்டுவிட்டு இரட்டைப் புள்ளிகளுக்குப் பின்னால் விட்டுவிடுவது எல்லாரும் செய்வது.

கிளைப் பட்டியல் ஹைராவில்

கிளைகளைக் கோடில் அடுக்காதே. பப்பெட் தன் டேட்டாவை எடுத்துக்கொள்ளும் இடமான ஹைராவில் வை. ஆனால் ஒன்று: ஹைரா மதிப்புகள் தானாக வந்து உட்காருவது கிளாஸின் பாராமீட்டருக்குத்தான், டிஃபைனுக்கு இல்லை. அதனால் ஒரு கிளாஸ், ‘கிளைகள்’ என்ற ஹாஷை பாராமீட்டராக வாங்கட்டும். அதை ஈச் வைத்துச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் டிஃபைனைக் கூப்பிடு. உள் மதிப்புகளை நட்சத்திரக் குறி ஒன்றால் அப்படியே கடத்திவிடலாம். பழைய கோடில் கிரியேட் ரிசோர்சஸ் என்ற ஃபங்ஷனைப் பார்ப்பாய்; அதுவும் இதே வேலைதான், படிக்கத் தெரிந்தால் போதும், புதிதாக எழுத வேண்டாம்.

இப்படி அமைத்துவிட்டால், புதுக் கிளை திறக்கும்போது சப்போர்ட் டீமில் இருக்கும் ஆளே யாமல் ஃபைலில் நான்கு வரி சேர்த்துவிடுவார். நீ எழுதிய டைப்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சர்வருக்கு அனுப்பும் முன்

முதலில் பப்பெட் பார்சர் வேலிடேட், அடுத்து பப்பெட் லின்ட். இவை இலக்கணப் பிழையையும் நடைப் பிழையையும் பிடிக்கும். அதன்பின் ஆர்ஸ்பெக் பப்பெட்டில் சின்ன டெஸ்ட். டிஃபைனுக்கான டெஸ்டில் டைட்டிலைக் கொடுக்க மறக்காதே, இல்லாவிட்டால் ஓடாது. நல்ல மதிப்பு கொடுத்தால் கம்பைல் ஆகிறதா என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், சிங்கப்பூரைக் கொடுத்தால் மறுக்கிறதா என்றும் எழுது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஒரு கிளையைக் கூப்பிடும் இடத்தில் நூப் (எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்று மட்டும் சொல்வது) என்று போட்டால், அதற்குள் இருக்கும் எல்லா ரிசோர்ஸும் நூப் ஆகிவிடும். மெட்டாபாராமீட்டர்கள் டிஃபைனிலிருந்து உள்ளே இறங்கும் என்பதால் கிடைக்கும் வசதி இது. புது டிஃபைனை அப்படி அனுப்பி, என்ன மாறியிருக்கும் என்று ரிப்போர்ட்டில் படித்துவிட்டு, பிறகு திற. 30 நிமிடத்துக்குள் எல்லா சர்வருக்கும் போய்விடும் கருவி இது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் திறக்காதே.

ரூபி பக்கம் எப்போது?

டிஃபைன் என்பது இருக்கும் ரிசோர்ஸ்களைச் சேர்த்துக் கட்டுவது. ஃபைல், பேக்கேஜ், கிரான் என்று எதிலும் அடங்காத பொருள் ஒன்று வந்தால், உதாரணமாக வெப் ஏபிஐ வழியாக மட்டும் பேசும் ஒரு கருவி, அப்போதுதான் ரூபியில் டைப்பும் புரொவைடரும் எழுத வேண்டும். ‘இப்போது என்ன நிலை’ என்று கேட்டு, தேவைப்பட்டால் மட்டும் மாற்றும் வேலையை நீயே எழுத வேண்டியிருக்கும். எக்ஸெக் ரிசோர்ஸுக்கு மேல் அன்லெஸ் நிபந்தனைகளை அடுக்கி அடுக்கி ஒரு டிஃபைனை ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால், ரூபி டைப்புக்கான நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள். அதற்கு முன் தொடாதே. உனக்குப் பின் வருபவர் அதைப் பராமரிக்க வேண்டும்.

உன் ஆபீஸில் ஆன்சிபிள் என்றால் இதே யோசனை ரோலில் வரும், டெர்ராஃபார்மில் மாட்யூலில் வரும், ஷெஃபில் கஸ்டம் ரிசோர்ஸில் வரும். ரோலுக்கு ஆர்க்யுமென்ட் ஸ்பெக் எழுதலாம், டெர்ராஃபார்ம் வேரியபிளுக்கு வேலிடேஷன் எழுதலாம். எழுது.

ஆறு மாதம் கழித்து

நீ எழுதிய டிஃபைனை இதற்குள் வேறு டீம்களும் கூப்பிட ஆரம்பித்திருக்கும். இனி புதுப் பாராமீட்டர் சேர்த்தால் வழக்கமான மதிப்போடு சேர். இல்லையென்றால் கூப்பிடும் எல்லாருடைய கேட்டலாகும் ஒரே நேரத்தில் உடையும். பெயரை மாற்றியே ஆக வேண்டுமானால், பழைய பெயரை ஆப்ஷனலாக வைத்து, அதை யாராவது பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை வரி எழுத விடு. லாகில் அந்த எச்சரிக்கை நின்றபிறகு பழையதை எடு. டிஃபைனுக்கு மேலே கமென்டில் ஒவ்வொரு பாராமீட்டரும் எதற்கு என்று எழுதி, பப்பெட் ஸ்டிரிங்ஸ் வைத்து டாக்குமென்ட் உருவாக்கிக்கொடு. கூப்பிடும் முறைக்கு இரண்டு உதாரணம் அதில் இருக்கட்டும். ஆட்கள் உன் விளக்கத்தைப் படிப்பதைவிட உதாரணத்தைத்தான் காப்பி செய்வார்கள், அதனால் அந்த உதாரணம் சரியாக இருக்கிறதா என்று டெஸ்டிலும் ஒருமுறை ஓட்டிவிடு.